கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் ஒரு வாரம்: புதிதாகச் சேரும் குடும்பங்களுக்கு

பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. சீருடை, காலணி, பை எல்லாம் வாங்கியாயிற்று. அப்புறம் முதல் வாரத்திலேயே பள்ளியிலிருந்து ஒரு தாள் வருகிறது: வெள்ளிக்கிழமை காலை பள்ளித் திருப்பலி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மன்றாட்டு வாசிப்பார்கள், பெற்றோரும் வரலாம். (திருப்பலி என்றால் குரு நடத்தும் பூசை, மன்றாட்டு என்றால் மற்றவர்களுக்காகக் கேட்கும் சிறு செபம்.) போக வேண்டுமா? போனால் எங்கே உட்காருவது? எல்லோரும் முழந்தாளிடும்போது நாமும் முழந்தாளிட வேண்டுமா? நாம் கத்தோலிக்கர் இல்லையென்றால்? கத்தோலிக்கர்தான், ஆனால் கோயில் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறதென்றால்?

என் இரண்டு பிள்ளைகளும் இப்படிப்பட்ட பள்ளியில்தான் படித்தார்கள். சில ஆண்டுகளாகப் புதுநன்மைக்கு, அதாவது திருப்பலியில் தரும் அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை முதன்முறையாக வாங்குவதற்கு, தயாராகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கவும் உதவி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய இவையேதான். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: இந்தப் பள்ளிகளின் விசுவாசத்தைப் பிள்ளைகள் பாடமாகக் கற்பதைவிட வாரமாக வாழ்ந்துதான் அதிகம் கற்கிறார்கள். ஒரே செபம், ஒரே மேசை, ஒரே பாட்டு என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை வந்து சேர்ந்துவிடும்.

பள்ளி திறக்கும் முன்

பிள்ளை கத்தோலிக்கர் என்றால் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். சேர்க்கையின்போதே சில பள்ளிகள் கேட்கும். அப்போது கேட்காவிட்டாலும் புதுநன்மை ஆண்டில் நிச்சயம் கேட்பார்கள். தொலைந்துபோயிருந்தால் பதற வேண்டாம். பிள்ளை எந்தப் பங்கில், அதாவது எந்த ஊர் ஆலயச் சமூகத்தில், திருமுழுக்குப் பெற்றதோ அந்தப் பங்கின் பதிவேட்டில் விவரம் இருக்கும். தேதியையும் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதி அந்தப் பங்குக்குக் கேட்டால் புதுப் பிரதி கிடைக்கும். தூரத்துப் பங்கு என்றால் நாளாகும் என்பதால் இப்போதே எழுதுங்கள்.

பள்ளி யாருடையது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பங்கின் பள்ளியா, ஆயரின் பொறுப்பிலுள்ள மறைமாவட்டத்தின் பள்ளியா, துறவற சபை நடத்தும் பள்ளியா? 'கத்தோலிக்கப் பள்ளி' என்ற பெயரை யாரும் தாமாகப் போட்டுக்கொள்ள முடியாது, அதிகாரமுள்ள திருச்சபைத் தலைமையின் ஒப்புதல் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 803). பள்ளிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பங்கோ மறைமாவட்டமோ சபையோ இருக்கும். பிள்ளையின் வாரத்தில் வரும் பாதி விஷயங்களுக்கு விளக்கம் அங்கேதான் கிடைக்கும். சலேசிய சபைப் பள்ளி என்றால் ஜனவரி 31, புனித ஜான் போஸ்கோ திருநாள், பெரிய நாளாக இருக்கும். லசால் சகோதரர்களின் பள்ளி என்றால் ஏப்ரல் 7. அவர்களுடைய சபையைத் தொடங்கிய புனித ஜான் பாப்டிஸ்ட் டி லா சாலைத்தான் 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

திங்கள் காலை: நான்கு செபங்கள்

வாரம் பெரும்பாலும் காலைக் கூடுகையில் தொடங்கும். முந்தின நாள் ஞாயிறு நற்செய்தியிலிருந்து இரண்டு வரி, ஒரு செபம், ஒரு பாட்டு, பிறந்தநாள் பிள்ளைகளுக்கு வாழ்த்து. அவ்வளவுதான். ஆனால் உங்கள் பிள்ளை புதிது என்றால், சுற்றிலும் எல்லோரும் ஒரே குரலில் எதையோ சொல்லும்போது தான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பது அதற்குப் பெரிய சங்கடம். அதற்கு நான்கு செபங்கள் தெரிந்தால் முதல் ஆண்டு முழுவதும் போதும்: சிலுவை அடையாளம், 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே', 'அருள் நிறைந்த மரியே', 'தந்தைக்கும் மகனுக்கும்' என்று தொடங்கும் மூவொரு கடவுள் புகழ்.

இந்த வரிசையிலேயே, வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் வேறு மொழியில் சொன்னாலும் வீட்டில் தமிழில் சொல்லலாம். இரண்டும் ஒரே செபம்தான் என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் நாள் அழகாக இருக்கும். பாட்டி 'பரலோக மந்திரம்' என்று சொல்வதும் இதே செபம்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சிலுவை அடையாளம் கற்பிக்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். பிள்ளைக்கு எதிரே நின்று செய்துகாட்டினால் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடது கையால் செய்யும், தோள்களும் மாறிப்போகும். அதனால் எதிரே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள், அல்லது பின்னால் நின்று அதன் வலது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். நெற்றியில் 'தந்தை', நெஞ்சில் 'மகன்', தோள்களுக்குப் போகும்போது 'தூய ஆவியார்'. கை ஒவ்வோர் இடத்திலும் ஒரு நொடி நிற்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஈ விரட்டுவதுபோல் வேகமாகச் செய்வார்கள். திட்ட வேண்டாம். நாம் நிதானமாகச் செய்தால் அவர்களும் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

வகுப்பறையில் ஒரு செப மேசை

பிள்ளையின் வகுப்பறைக்குள் போகக் கிடைக்கும் முதல் நாளில் மூலையிலோ ஜன்னல் ஓரத்திலோ ஒரு சிறு மேசையைத் தேடுங்கள். திருவிவிலியம், பாடுபட்ட சிலுவை, மெழுகுதிரி, மாதாவின் சுரூபம், ஒரு நிறத் துணி. பெரும்பாலான பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு இருக்கும். திருவழிபாட்டு ஆண்டு எங்கே நிற்கிறது என்று சொல்லும் நாட்காட்டி அந்தத் துணிதான். பொதுக்காலம் என்றால் பச்சை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்திலும் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய தவக்காலத்திலும் ஊதா. கிறிஸ்துமஸ், பாஸ்கா காலங்களில் வெள்ளை. தூய ஆவியார் பெருவிழாவுக்கும் மறைசாட்சிகளின் நாளுக்கும் சிவப்பு. திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் மட்டும் ரோஜா நிறம் வரும். திருவருகைக்கால வளையத்தில் மூன்று ஊதா மெழுகுதிரிகளோடு ஒன்று ரோஜா நிறத்தில் இருப்பதும் அதனால்தான்.

'இன்று மேசையில் என்ன நிறம்?' என்று கேட்டுப்பாருங்கள். 'இன்று பள்ளியில் என்ன நடந்தது?' என்ற கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் பிள்ளைகூட இதற்குப் பதில் சொல்லும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரும் வாரத்தில் ஒரு வகுப்பில் உதவிக்கு இருந்தேன். பிள்ளைகள் ஒரு நீளத் தாளில் 'அல்லேலூயா' என்று ஆளுக்கொரு எழுத்தாக வண்ணம் தீட்டினார்கள். சுருட்டி, நூல் கட்டி, ஒரு பெட்டியில் வைத்து மூடினார்கள். தவக்காலம் முழுவதும் அந்தச் சொல்லைத் திருச்சபை பாடுவதில்லை. ஒரு சிறுமி பெட்டியின் மூடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, 'தூங்குது' என்றாள். பாஸ்கா முடிந்து பள்ளி திறந்த காலையில் பெட்டியைச் சுற்றி எப்படி முண்டியடித்தார்கள் தெரியுமா! நாற்பது நாள் காத்திருப்பது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நான் வேறு எப்படியும் விளக்கியிருக்க முடியாது.

மறைக்கல்வி வகுப்பும் மாலைக் கேள்விகளும்

மறைக்கல்விக்கு வாரத்தில் பல பாடவேளைகள் இருக்கும். சின்ன வகுப்புகளில் கதை, படம், நடிப்பு. பெரிய வகுப்புகளில் திருவிவிலியத்தில் பகுதியைத் தேடி எடுக்கப் பழக்குவார்கள். அதிகாரம் எது, வசனம் எது என்று பிள்ளை கற்றுக்கொண்டு வந்தால் வீட்டுத் திருவிவிலியத்திலும் ஒருமுறை தேடவிடுங்கள்.

மாலையில் கேள்விகள் வரும். தாத்தா எங்கே இருக்கிறார், கடவுள் ஏன் பதில் பேசுவதில்லை, நம் நாய்க்குட்டி மோட்சத்துக்குப் போகுமா என்றெல்லாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு 'எனக்கும் தெரியவில்லை, ஃபாதரிடம் கேட்போம்' என்று சொல்லுங்கள், பிறகு மறக்காமல் கேளுங்கள். அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். பள்ளித் திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும் பங்குத்தந்தையிடம் ஒரு பிள்ளை தன் கேள்வியோடு போய் நின்றால், எனக்குத் தெரிந்த எந்தக் குருவும் அதைத் தட்டிக் கழித்ததில்லை.

நண்பகல் மணியும் செபமாலையும்

பல பள்ளிகளில் பகல் 12 மணிக்கு, வானதூதர் மரியாவிடம் வந்ததை நினைவுகூரும் மூவேளைச் செபம் சொல்வார்கள். பாஸ்கா காலத்தில் அதற்குப் பதிலாக 'விண்ணக அரசியே' என்று தொடங்கும் செபம் வரும். அக்டோபர் செபமாலை மாதம், மே மாதாவின் மாதம். அப்போது வகுப்பில் தினம் ஒரு பத்து மணியாவது சொல்வார்கள். செபமாலை சொல்லும்போது தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகள்தான் மறையுண்மைகள். திங்கள், சனி மகிழ்ச்சி மறையுண்மைகள். செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி. இந்த ஒளி மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் சேர்த்தார். அதற்கு முன் கற்ற பாட்டிமார் வியாழக்கிழமை மகிழ்ச்சி என்பார்கள். பிள்ளை வந்து 'பாட்டி தப்பாச் சொல்றாங்க' என்றால் இரண்டு பேரும் சரிதான் என்று விளக்கிவிடுங்கள்.

திருப்பலி நாள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களுக்கு அதிகப் பயம் இங்கேதான்.

பள்ளித் திருப்பலி வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ இருக்கும். ஏன் தினமும் இல்லை என்று ஒரு பக்தியான தாத்தா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். சிறுவர் பங்கேற்கும் திருப்பலிகளுக்கென்று 1973 நவம்பர் 1 அன்று வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டியே இதைச் சொல்கிறது: வாரநாள் திருப்பலி தினமும் இல்லாவிட்டால் பிள்ளைகள் சலிப்பில்லாமல், அதிகப் பயனோடு பங்கேற்பார்கள். மறையுரையை (பிரசங்கத்தை) குரு பிள்ளைகளோடு கேள்வி பதிலாகப் பேசிக்கொண்டே நடத்தலாம் என்றும் அதே வழிகாட்டி அனுமதிக்கிறது. ஆகவே ஃபாதர் பீடத்தை விட்டு இறங்கிவந்து, 'நல்ல சமாரியர் கழுதையை யாருக்குக் கொடுத்தார்?' என்று கேட்டு, முப்பது கைகள் உயர்ந்தால் திகைக்க வேண்டாம். வாசகங்களைக் குறைக்கலாம், ஆனால் நற்செய்தி வாசகத்தை ஒருபோதும் விடக்கூடாது.

சரி, போவது எப்படி? பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். நுழைவாயிலில் தீர்த்தம் இருக்கும். விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் இடுவார்கள். உள்ளே சிறு விளக்கு எரியும் இடத்தில் நற்கருணைப் பேழை இருக்கிறது. கத்தோலிக்கர் அதை நோக்கி வலது முழங்காலைத் தரையில் ஊன்றி எழுந்துவிட்டு இருக்கைக்குள் போவார்கள். பள்ளித் திருப்பலியில் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக முன்னால் உட்காருவார்கள், பெற்றோருக்குப் பின் வரிசைகளோ ஓரங்களோ இருக்கும். உங்கள் பிள்ளை திரும்பிப் பார்த்துக் கையசைக்கும். புன்னகைத்துவிட்டு, பீடத்தைக் கண்ணால் காட்டுங்கள்.

எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்பதற்கு முன்னால் இருக்கும் ஆசிரியரைப் பார்த்தால் போதும். நற்செய்திக்கு எல்லோரும் எழுவார்கள். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் பெருவிரலால் சிறு சிலுவை போடுவார்கள். நற்செய்தி என் அறிவிலும் பேச்சிலும் இதயத்திலும் இருக்கட்டும் என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

உங்கள் பிள்ளைக்கு மன்றாட்டு வாசிக்கும் முறை வந்தால் முந்தின நாளே தயாராகுங்கள். பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். வீட்டின் ஒரு கோடியில் பிள்ளை நிற்க, மறு கோடியில் நீங்கள் நின்று கேளுங்கள். அங்கே கேட்டால் ஆலயத்திலும் கேட்கும். ஒருமுறை ஏழு வயதுப் பையன் ஒருவன், வாசக மேடைக்கு எட்டாததால் மரப்பலகை மேல் ஏறி நின்றான். தாள் நடுங்கியது தெரிந்தது. 'நோயுற்றிருக்கும் அனைவருக்காகவும்' என்று வாசித்தவன் நிறுத்தினான். தாளில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. 'என் பாட்டிக்காகவும்' என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான். பள்ளி முழுவதும் ஒரே குரலில், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றது. எத்தனையோ மன்றாட்டுகள் கேட்டிருக்கிறேன், அதுபோல் ஒன்று கேட்டதில்லை.

நற்கருணை வாங்கும் நேரம் வரும். புதுநன்மை பெறாத பிள்ளைகளும் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நற்கருணை வாங்குவதில்லை. ஆனால் பல இடங்களில் அவர்களும் வரிசையில் வந்து, இரு கைகளையும் நெஞ்சின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றால் குரு ஆசீர் அளிப்பார். உட்கார்ந்தே இருந்தாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. என் மூத்தவள் முதல் வகுப்பில் இருந்தபோது முன்னால் போனவர்களைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டாள். குரு அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். ஆனால் 'எனக்கு மட்டும் ஏன் தரல?' என்று அவள் இருக்கைக்கு அழுதுகொண்டே வந்தாள். முந்தின இரவு ஐந்து நிமிடம் நான் பேசியிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது.

நற்கருணை வாங்குபவர்கள் அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. காலைத் திருப்பலி என்றால் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னதாக முடித்துவிடுங்கள்.

வாரக் கடைசி, பிறகு ஞாயிறு

வாரக் கடைசியில் பிள்ளைகளின் பாராட்டுக் கூட்டம் இருக்கும். மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, தனியாக நின்ற பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொண்டதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தவக்காலத்தில் ஏழைகளுக்கான காணிக்கைப் பெட்டி வீட்டுக்கு வரும். நீங்களே நிரப்பி அனுப்பாதீர்கள். பிள்ளை தனக்குக் கிடைத்ததிலிருந்து தானே போடட்டும், இரண்டே காசானாலும். தவக்கால வெள்ளிகளில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதை, பதினான்கு நிலைகள். இறைச்சி ஒறுத்தல் சட்டப்படி 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான், நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை இரண்டும் கட்டுப்படுத்தாது. பிள்ளை தானாக எதையாவது விட்டுக்கொடுக்க விரும்பினால் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெள்ளிக்கிழமைத் திருப்பலி ஞாயிறுக்கு ஈடாகாது. பள்ளியில் ஐந்து நாளும் செபம் சொல்லும் பிள்ளை, ஞாயிறு அன்று அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போகாததைப் பார்த்தால், செபம் என்பது சீருடையோடு கழற்றி வைக்கிற ஒன்று என்றுதான் புரிந்துகொள்ளும். மேலே சொன்ன 1973-ஆம் ஆண்டு வழிகாட்டியும் சிறுவர் திருப்பலிகள் பெரியவர்களோடு சேரும் ஞாயிறு திருப்பலிக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறது. பல வருடம் விட்டுப்போயிருந்தால் வெட்கப்பட வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு என்று தொடங்குங்கள், பிறகு இரண்டாகட்டும். வெள்ளிக்கிழமை கற்ற பதில்களை ஞாயிறு அன்று பிள்ளை உங்களைவிடச் சத்தமாகச் சொல்லும். உங்களுக்கு மறந்துபோனவற்றை அதனிடமே கற்றுக்கொள்ளலாம்.

புதுநன்மை ஆண்டு

முன்பெல்லாம் நற்கருணைக்குப் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதுவரைகூடக் காத்திருந்தார்கள். 1910-இல் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் புத்தி விவரம் தெரியும் வயதை, அதாவது ஏறக்குறைய ஏழு வயதை, அதற்குரிய வயதாக்கினார். அதனால்தான் புதுநன்மைத் தயாரிப்பு ஆரம்பப் பள்ளிக் காலத்தில் வருகிறது. தயாரிப்பு சில பள்ளிகளில் வகுப்பிலேயே நடக்கும், சில இடங்களில் பங்கில் தனியாக நடக்கும். எங்கே என்று ஆண்டின் தொடக்கத்திலேயே கேளுங்கள். பங்கில் பதிவு செய்யவேண்டிய இடங்களில் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

புதுநன்மைக்கு முன் முதல் ஒப்புரவு வரும். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது அது, பழைய பெயர் பாவசங்கீர்த்தனம். பிள்ளைகளுக்கு இது பயமாக இருக்கும், பெற்றோருக்கு இன்னும் பயம். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். குரு தான் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்லமாட்டார் என்று பிள்ளைக்கு நாங்கள் கற்பிக்கிறோம். அந்த வாக்கை வாசலில் நிற்கும் நாமே உடைக்கக்கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடங்கள். அது போதும்.

புதுநன்மை உடையைப் பற்றி வரும் பேச்சுகளைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தூய்மையான எளிய உடை எதுவும் நல்ல உடைதான். செலவைப் பற்றிக் கவலை இருந்தால் பங்குத்தந்தையிடமோ தலைமை ஆசிரியரிடமோ தனியாகச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டுப் பிள்ளைகளின் உடைகள் எங்காவது பத்திரமாக இருக்கும்.

கத்தோலிக்கர் அல்லாத குடும்பங்களுக்கு

உங்களுக்கும் இங்கே இடம் உண்டு, ஒதுங்கி நிற்க வேண்டாம். யாரையும் அவரவர் மனச்சான்றுக்கு எதிராகக் கத்தோலிக்க நம்பிக்கைக்குள் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம் (எண் 748). கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களின் சமய உரிமையை மதிக்க வேண்டும் என்று 1988-இல் வத்திக்கான் கல்விப் பேராயம் வெளியிட்ட ஏடும் சொல்கிறது. கூடுகையில் மரியாதையோடு அமைதியாக நின்றால் போதும். திருப்பலியில் மற்றவர்களோடு எழுந்து உட்காரலாம், பாடலாம். முழந்தாளிட விருப்பமில்லையென்றால் உட்கார்ந்திருக்கலாம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவது, திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனம் அல்ல, விரும்பினால் உங்கள் பிள்ளையும் பூசிக்கொள்ளலாம். பூசிக்கொள்ள வேண்டாம் என்றாலும் சரி. எதில் பிள்ளை பங்கேற்கும், எதில் பங்கேற்காது என்பதை முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள். பிள்ளைக்கும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், அப்போது அங்கே அது குழம்பி நிற்காது.

துக்கம் வரும் வாரம்

இதை எந்த அறிவிப்புத் தாளிலும் எழுதமாட்டார்கள். ஒரு பிள்ளையின் தாத்தாவோ அம்மாவோ இறந்துபோன வாரத்தில் இந்தப் பள்ளிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். காலைக் கூடுகையில் பெயர் சொல்லிச் செபிப்பார்கள். வகுப்பு மேசையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். திரும்பி வரும் பிள்ளையிடம் என்ன பேசலாம், எப்படிப் பேசாமல் பக்கத்தில் உட்காரலாம் என்று மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் முன்பே சொல்லிவைப்பார். நவம்பரில், இறந்தோர் அனைவரின் நினைவு நாளை ஒட்டி, வகுப்பில் ஒரு நோட்டு திறந்து வைப்பார்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதலாம். யார் பெயரை எழுதலாம் என்று அன்று மாலை பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் வீட்டில் ஒரு இழப்பு நேர்ந்தால் பள்ளிக்குத் தெரியப்படுத்தத் தயங்காதீர்கள். தெரிந்தால்தான் அவர்களால் துணைநிற்க முடியும்.

நீங்களும் ஒரு கை கொடுங்கள்

முதல் பருவத்தில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வரிசையாக ஆலயத்துக்கு அழைத்துப்போகத் துணைக்கு நடப்பது, பாட்டுத் தாள் கொடுப்பது, காணிக்கைப் பெட்டிகளைச் சேகரிப்பது என்று ஏதாவது ஒன்று. பிள்ளைகளோடு இருக்கும் எந்த வேலைக்கும் பள்ளி உங்கள் பின்னணியைச் சரிபார்க்கும், பாதுகாப்புப் பயிற்சிக்கும் கூப்பிடும். முகம் சுளிக்காமல் செய்யுங்கள், அது உங்கள் பிள்ளைக்காகவும்தான்.

பேசிப் பழகக் கூச்சப்படுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் வேலை, செப மேசையின் துணி. காலம் மாறும்போது ஒரு துணி எடுக்கப்பட்டு இன்னொன்று விரிக்கப்படும். எடுத்த துணியை யாராவது வீட்டில் துவைத்துக் கொண்டுவர வேண்டும். மெழுகு ஒட்டியிருந்தால் முதலில் காயவிட்டுச் சுரண்டி எடுங்கள், பிறகு மேலும் கீழும் பழைய தாள் வைத்து இளஞ்சூட்டில் தேய்த்தால் மிச்ச மெழுகு தாளில் ஏறிவிடும். அதன்பிறகு துவையுங்கள். நடுவில் சிலுவை தைத்திருந்தால் மடிப்பு அதன்மேல் விழாமல் மூன்றாக மடியுங்கள். திங்கள் காலை பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள், தன் கையாலேயே மேசையில் விரிக்கட்டும்.